தளத்தில் விடுபட்ட நான்கு துளைகள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பீனிக்ஸில் வசிக்கிறேன், வயது 33. வடக்குக் கரையோரத்தில் ஓர் அறக்கட்டளைக்காக மூன்று மாடி மருத்துவமனை கட்டுகிறோம். இரண்டு நிறுவனங்கள் 60:40 பங்கில் கூட்டாக எடுத்த வேலை. ஒப்பந்தம் என்.இ.சி.4 என்ற பொது ஒப்பந்த மாதிரி, அதில் இலக்கு விலை வைக்கும் ஆப்ஷன் சி. என்னை ‘ஒருங்கிணைப்பு மேலாளர்’ ஆக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தில் உம்லாங்கா ஹோட்டலில் ஒரு நாள் பயிலரங்கு நடத்தி, ‘நம்பிக்கைச் சாசனம்’ எழுதிக் கையெழுத்திட்டு, சட்டம் போட்டு மாட்டினோம். 11ஆம் வாரம் முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்தபின் பார்த்தால் கழிவுக்குழாய்க்கான நான்கு துளைகளைக் காணோம். இப்போது 18ஆம் வாரம். யார் தவறு என்று 26 மின்னஞ்சல் போய்விட்டது. முன்னெச்சரிக்கை அறிவிப்பு அனுப்பினால் ‘எங்கள் மேல் கேஸ் போடப் பார்க்கிறாயா’ என்கிறார்கள். வாரக் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடுகிறது. சுவர் கட்டும் உள்ளூர்க் குழு இரண்டு முறை வேலையை நிறுத்திவிட்டது. ஃபோர்மேனுக்கு 58 வயது, அப்பாவுக்குத் தெரிந்தவர். நான் எது சொன்னாலும் ‘சரிம்மா’ என்பார். செய்வது தன் வழியில்தான். எனக்கு யார் மேலும் அதிகாரம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த நான்கு துளைகளிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற தொல்லைகள் எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

26 மின்னஞ்சலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்கும்: செலவு யார் தலையில்? ஆப்ஷன் சி ஒப்பந்தத்தில், கட்டடம் நிறைவாகும் முன் ஒரு குறையைத் திருத்தும் செலவு பொதுவாக உண்மைச் செலவுக் கணக்கில் ஏறும். கடைசியில் இலக்கு விலையோடு ஒப்பிட்டு, மிச்சத்தையும் மிகையையும் உடையவரும் ஒப்பந்ததாரரும் பங்கிட்டுக்கொள்வார்கள். விலக்கப்படும் செலவுகள் சிலதான். நிறைவுக்குப் பிறகு திருத்துவது, ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று ஸ்கோப்பில், அதாவது ஒப்பந்தத்தின் வேலை விவரத்தில், எழுதிய கட்டுப்பாட்டை மீறியதால் வந்த குறை, கொடுத்திருக்க வேண்டிய முன்னெச்சரிக்கையைக் கொடுக்காததால் மட்டுமே வந்த செலவு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஆகவே தளத் துளைகளைப் பற்றி ஸ்கோப்பில் ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கூட்டு நிறுவனங்கள் இரண்டும் ஒரே பானைச் சோற்றுக்காக அடித்துக்கொள்கின்றன. இதை ஒரு பக்கத்தில் எழுதி இரு இயக்குநர்களிடமும் கொடுங்கள். மின்னஞ்சல் பாதி நின்றுவிடும்.

துளைபோடும் வேலையை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, ஸ்கேனர் வைத்துக் கம்பி ஓடும் இடத்தைத் தளத்திலேயே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். 110 மி.மீ. குழாய்க்கு ஏறக்குறைய 150 மி.மீ. கோர், அதாவது வட்டத் துளை, வேண்டும், 20, 30 மி.மீ. நகர்த்தினால் கம்பி தப்புமா என்று பிளம்பர் அங்கேயே நின்று சொல்ல வேண்டும். கம்பி வெட்டுப்படத்தான் வேண்டுமென்றால் பொறியாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். தளம் போஸ்ட்-டென்ஷன் (உள்ளே கேபிளை இழுத்துக் கட்டியது) என்றால், கேபிள் ஓடும் வரைபடம் கையில் இல்லாமல் ஒரு அங்குலம்கூடத் துளைக்க விடாதீர்கள். துளைத்த பிறகு பிளாஸ்டிக் குழாயைச் சுற்றித் தீத்தடுப்பு வளையம், குளியலறைப் பகுதியில் நீர்க்காப்பு. இந்த இரண்டையும் யார் செய்வது என்று இப்போதே பெயர் எழுதுங்கள். இல்லையேல் இன்னும் மூன்று மாதத்தில் ஒழுக்குக்காக அடுத்த 26 மின்னஞ்சல் வரும்.

இனி, துளைகள் ஏன் விடுபட்டன. இதுபோன்ற இடங்களில் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கட்டடக் கலைஞர் கழிப்பறையை நகர்த்தியிருப்பார், கட்டமைப்பு வரைபடம் பழைய பதிப்பிலேயே நின்றிருக்கும். அல்லது துளை விடக் கான்கிரீட்டுக்கு முன் வைக்கும் ஸ்லீவை யார் வாங்கித் தருவது என்பதில் பிளம்பர் உங்களையும் நீங்கள் பிளம்பரையும் நினைத்திருப்பீர்கள். அல்லது வைத்த ஸ்லீவைக் கம்பி கட்டும் ஆட்கள் இடைஞ்சல் என்று எடுத்து ஓரம் போட்டிருப்பார்கள். எதுவானாலும், கான்கிரீட் விழும் முன் அந்தத் துளைகளுக்கு நேராக ஒருவர் பெயரும் எழுதப்பட்டிருக்காது. ஷட்டரிங் ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்திருப்பார், பிளம்பரும் அப்படியே. தவறு இரண்டு வேலையும் சந்திக்கும் ஒட்டில் நடந்தது. ஒருங்கிணைப்பு மேலாளர் என்ற உங்கள் பதவிக்கு ஒரே அர்த்தம்தான்: அந்த ஒட்டுகள் உங்களுடையவை. ஒவ்வொரு தொழிலுக்கும் உள்ளே நடப்பதில் நீங்கள் தலையிட வேண்டியதில்லை. தலையிட்டால் பகைதான் மிஞ்சும்.

ஒட்டுகளை எழுதி எடுங்கள். மூன்று மாடி மருத்துவமனைக்கு 30, 40 வரும். தளத் துளை, லிஃப்ட் குழியின் ஆழம், ஜெனரேட்டர் மேடை, ஜன்னல் அடிப்பாகத்தின் நீர்க்காப்பு, கூரையைத் துளைத்துப் போகும் குழாய்கள், தீத்தடுப்புச் சுவரைக் குறுக்கே கடக்கும் கேபிள் தட்டு, மருத்துவ வாயுக் குழாய், கதவுச் சட்டத்தில் மின்பூட்டுக்கான வயர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் போடுங்கள்: செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். செய்வது முன்னால் வரும் தொழில். சரிபார்ப்பது பின்னால் வரும் தொழில், அதாவது தவறினால் வலிக்கப்போகிறவர். ஸ்லீவை வைப்பது ஷட்டரிங் ஆள் என்றால், எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுவது பிளம்பர். பல சைட்டில் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள். முதன்மை ஒப்பந்ததாரரின் தரக் கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் சரிபார்ப்பதாக ஏற்பாடு. அவருக்கு எந்தத் துளை எதற்கென்று தெரியாது. தாளில் டிக் மட்டும் விழும்.

அடுத்த தளத்துக்கு ஒரு கான்கிரீட் அனுமதித் தாள் அச்சடியுங்கள். கட்டமைப்பு, பிளம்பிங், மின்சாரம், குளிர்சாதனம், கான்கிரீட்டைத் தற்காலிகமாகத் தாங்கும் தாங்கு அமைப்பு என்று ஐந்து வரி. கான்கிரீட்டுக்கு 48 மணி நேரம் முன்னால் ஐவரும் ஒன்றாகத் தளத்தில் நடக்க வேண்டும். தனித்தனியாக வந்து கையெழுத்திட்டுப் போனால் பயனில்லை. பிளம்பர் வரியில் ‘சரி’ என்று எழுதக் கூடாது, ‘வரைபடத்தில் 14, தளத்தில் 14’ என்று எண் எழுத வேண்டும், மின்சாரத்துக்கும் அப்படியே. வரைபடத்தின் பதிப்பு எண்ணும் அதே வரியில். கான்கிரீட் விழுவதற்கு முந்தின மாலை ஒருவர் மறுபடி எண்ணிப் புகைப்படம் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த 48 மணி நேரத்தில் கம்பி ஆட்கள் இன்னும் மேலே நடந்துகொண்டிருப்பார்கள்.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். ரெடிமிக்ஸ் லாரிக்கு ஆர்டர் கொடுப்பது யார்? ஐந்து கையெழுத்தும் விழாமல் ஆர்டர் போகாது என்ற ஒரே ஒரு விதியை இரு இயக்குநர்களிடமும் எழுதி வாங்குங்கள். மற்ற எந்தப் பதவியும் உங்களுக்கு அதற்கு மேல் தராது. நாற்பது பேருக்கு மேலாளராக இருப்பதைவிட ஒரு வாசலுக்குக் காவலாக இருப்பது சைட்டில் பலமானது. முதல் முறை ஒரு கையெழுத்து இல்லாமல் லாரி நிற்கும்போது கத்துவார்கள். அன்று நீங்கள் விட்டுக்கொடுத்தால் தாள் செத்தது.

அதே போன்ற இன்னொரு ஒட்டு உங்களுக்கு முன்னால் காத்திருக்கிறது: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளி. கழிவுக்குழாய்க்கு 60க்கு 1 சரிவு என்று வைத்தால், 6 மீட்டர் ஓட்டத்துக்கு 100 மி.மீ. கீழே இறங்கும். குழாயின் விட்டம் 110, இணைப்புக்கும் தொங்கும் கம்பிக்கும் இடம், எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு குழாயே 250 மி.மீ. தின்றுவிடும். குளிர்சாதன டக்ட் ஆள் முதலில் வந்து வசதியான இடத்தில் மாட்டிவிட்டால், சரிவு கேட்கும் குழாய் எங்கே போகும்? அதனால் வரிசையை இப்படி வையுங்கள்: சரிவு வேண்டிய குழாய் முதலில், பிறகு பெரிய டக்ட், பிறகு தீயணைப்புக் குழாய், பிறகு கேபிள் தட்டு, வளைத்துக் கொண்டுபோகக்கூடிய சின்னக் குழாய்களும் வயர்களும் கடைசியில். சீக்கிரம் வந்தவருக்கு இடம் என்ற சைட் வழக்கத்தை உடைப்பது இந்த வரிசைதான். மாடிக்கு ஒரு தாழ்வாரத்தை மட்டும் எடுத்து, நான்கு தொழில்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, குறுக்குவெட்டு ஒன்றைக் கையால் வரைந்து நால்வரும் கையெழுத்திட்டால் போதும். கணினி மாதிரி இருந்தால் நல்லது; இல்லையென்றாலும் இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

முன்னெச்சரிக்கைக்கு வருவோம். ‘கேஸ் போடுகிறாயா’ என்ற கோபத்துக்குக் காரணம், பழைய ஒப்பந்தங்களில் எழுத்தில் வரும் எந்த அறிவிப்பும் கிளெய்முக்கு முன்னோட்டமாகவே இருந்தது. என்.இ.சி.4இன் 15ஆம் பிரிவு வேறு. விலை கூடக்கூடிய, நிறைவு தள்ளிப்போகக்கூடிய, முக்கிய நாள் தவறக்கூடிய, கட்டடத்தின் செயல்திறன் குறையக்கூடிய எதையும் தெரிந்தவுடன் ஒப்பந்ததாரரும் திட்ட மேலாளரும் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். சொல்பவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவோ சாட்டுவதாகவோ அதில் எந்த வரியும் இல்லை. சொல்லாமல் இருந்தால்தான் தண்டனை. அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்லவில்லை என்றால், பின்னால் ஈட்டு நிகழ்வை, அதாவது கூடுதல் பணமும் நாளும் தரவேண்டிய நிகழ்வை, கணக்கிடும்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அப்படித்தான் மதிப்பிடுவார்கள். ஈட்டு நிகழ்வு என்பது தனி அறிவிப்பு. தெரிந்த நாளிலிருந்து எட்டு வாரம் அதற்குக் கெடு. இந்த இரண்டையும் உங்கள் குழு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அறிவிப்பின் முதல் வரியில் ‘இது முன்னெச்சரிக்கை, பணம் கேட்கும் அறிவிப்பு அன்று’ என்று எழுதுங்கள். இரண்டாம் வரியில் உங்கள் தரப்பே என்ன செய்யப்போகிறது என்று எழுதுங்கள். மூன்றாம் வரியில்தான் மற்றவரிடம் கேட்பது.

முதல் நான்கைந்து அறிவிப்புகள் உங்கள் பக்கத்துத் தவறுகளைப் பற்றியதாக இருக்கட்டும். ‘எங்கள் ஜன்னல் ஆர்டர் இரண்டு வாரம் பிந்துகிறது’ என்று முதன்மை ஒப்பந்ததாரரே எழுதினால், சப்-கான்ட்ராக்டருக்கும் வாய் திறக்கும். முன்னெச்சரிக்கைக் கூட்டத்துக்குச் சப்-கான்ட்ராக்டரை அழைக்க ஒப்பந்தமே இடம் தருகிறது, அழையுங்கள். சைட் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை அறிவிப்பாக எண்ண வேண்டாம். என்.இ.சி. அறிவிப்பைத் தனியாக, மற்றச் செய்திகளோடு கலக்காமல் அனுப்பச் சொல்கிறது. கூட்டக் குறிப்பின் 7ஆம் பக்கத்தில் புதைத்தாலும் செல்லாது. வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள், அன்று மாலைக்குள் முறைப்படி பதியுங்கள்.

மூன்று மணி நேரக் கூட்டத்தை ஒழித்துவிடுங்கள். அதில் நடப்பது போன வாரத்தின் ஒப்பாரி. அதற்குப் பதில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் 1990களில் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறையை வையுங்கள். பெயர் என்னவானாலும் அதன் உயிர் ஒன்றுதான்: வேலையைச் செய்யப்போகிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பிளானர் கணினியில் இழுத்த கோட்டுக்கு மேஸ்திரி எப்படிக் கட்டுப்படுவார்?

செய்முறை இது. ஒரு மைல்கல்லை எடுங்கள். ‘முதல் மாடி உட்சுவர் முடிவு’ என்று வைத்துக்கொள்வோம். சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நிற ஒட்டுச்சீட்டு. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: ‘நான் தொடங்க எனக்கு முன்னால் என்ன முடிந்திருக்க வேண்டும்?’ சீட்டில் எத்தனை நாள், எத்தனை ஆள் என்று அவரவரே எழுத வேண்டும். பிறகு அடுத்த ஆறு வாரத்தை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் தடைகளைத் தேடுங்கள்: வரைபடம், பொருள், ஆள், கருவி, முந்தைய வேலை, நிற்க இடம், வெளி அனுமதி. ஒவ்வொரு தடைக்கும் நீக்கும் ஆளும் நாளும். உங்கள் வாரத்தில் பாதி நேரம் இந்தத் தடைகளின் பின்னால்தான் ஓட வேண்டும். தலைமை என்று சைட்டில் பிறர் உணர்வது இதைத்தான்: நேற்று கேட்ட வரைபடம் இன்று வந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் 45 நிமிடம், நின்றுகொண்டே. தடை நீங்கிய வேலைக்கு மட்டும் வாக்கு. ‘சுவர் வேலை தொடரும்’ என்பது வாக்கு ஆகாது. ‘3ஆம் அச்சிலிருந்து 5ஆம் அச்சு வரை லிண்டல் மட்டம், வெள்ளி மாலை’ என்பதுதான் வாக்கு. அடுத்த வியாழன் எண்ணுங்கள்: முடிந்தது, முடியவில்லை. முக்கால்வாசி முடிந்தது என்ற பேச்சே கிடையாது. 40 வாக்கில் 22 முடிந்தால் 55 சதவீதம். இந்த முறையை முதலில் அளந்தவர்களே ஏறத்தாழ பாதிதான் நிறைவேறுவதைக் கண்டார்கள். தொடக்கத்தில் உங்கள் எண்ணும் அங்கேதான் நிற்கும், பயப்படாதீர்கள். தவறிய 18க்கும் காரணத்தை ஒரே சொல்லில் பதியுங்கள். நான்கு வாரத்தில் ஒரு காரணம் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். அதை மட்டும் அடியுங்கள்.

இந்த எண்ணை வைத்து யாரையும் தண்டித்தால் அடுத்த வாரமே 95 சதவீதம் வரும், ஏனென்றால் சின்னச் சின்ன வாக்குகளாகக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இயக்குநர்கள் இந்த எண்ணை மாத அறிக்கையில் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் நிறுவனவாரியாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆட்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். அவர்களின் மேஸ்திரியான இன்டூனா ‘யெபோ’ (ஆம்) என்றால் அது ‘கேட்டேன்’ என்றும் பொருள்படும். நம் வீடுகளில் ‘சரிங்க’ என்கிறோமே, அதே கதை: பெரியவருக்கு முன் மரியாதைக்குச் சொல்வது, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமில்லை. ஆகவே ‘முடியுமா?’ என்று கேட்காதீர்கள், ‘எது தடுக்கும்?’ என்று கேளுங்கள். அதற்கு யெபோ என்று பதில் சொல்ல முடியாது. பலகையில் எழுத்தைக் குறைத்து வரைபடத்தில் நிறம் தீட்டுங்கள். காலை ஏழு மணிப் பத்து நிமிடப் பேச்சை இன்டூனாவே ஜூலுவில் நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஃபோர்மேனின் ‘சரிம்மா’வும் இதே ஜாதிதான். அவர் உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அட்டவணையை நம்பவில்லை, அவ்வளவே. பின்னோக்கித் திட்டமிடும் முதல் அமர்வில் சுவருக்கு முன்னால் அவரை நிறுத்துங்கள். ஒட்டுச்சீட்டு அவர் கையில், கேள்வி மட்டும் உங்கள் வாயில்: ‘இந்தத் தளத்துக்கு முட்டுக் கொடுத்த ஜாக்கியை எப்போது எடுக்கலாம் அங்கிள்?’ அவர் சொன்ன எண் உங்களுடையதைவிட நீண்டிருந்தால் அங்கே வாதாடாதீர்கள். என்ன கொடுத்தால் குறையும் என்று கேளுங்கள். இரண்டு ஆளா, இன்னொரு செட் ஷட்டரிங்கா என்று அவரே சொல்வார். அவர் ஆட்களுக்கு முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். அவரும் உங்களை அப்படித் திருத்தக் கூடாது என்பதைத் தேநீர் நேரத்தில் நேராகவே சொல்லிவிடுங்கள். அப்பாவைத் தூது விட வேண்டாம். ஒருமுறை விட்டால் பிறகு எல்லாமே அந்த வழியாகத்தான் போகும்.

தீராத தகராறுக்கு ஒரு படிக்கட்டு வையுங்கள். சைட் மட்டத்தில் 24 மணி நேரம்; தீரவில்லை என்றால் இரு நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளர்களிடம் 48 மணி நேரம்; அதற்கு மேல் இயக்குநர்களிடம் ஐந்து வேலை நாள். கடிகாரம் ஓடினால் தானாகவே மேலே போக வேண்டும்; யாரும் யாரையும் ‘மாட்டிவிட்டதாக’ ஆகக் கூடாது. துளை விவகாரம் ஏழு வாரம் உங்கள் மட்டத்தில் கிடந்ததற்குக் காரணம் இந்தப் படிக்கட்டு இல்லாததே. உம்லாங்கா பயிலரங்கில் நம்பிக்கை, மரியாதை, வெளிப்படைத்தன்மை என்று எழுதியிருப்பீர்கள். யார் எத்தனை மணி நேரத்தில் முடிவெடுப்பது என்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டீர்கள். மறுபடி அரை நாள் கூடுங்கள், இந்த முறை சைட்டிலேயே, 15 பேருக்கு மேல் வேண்டாம். இயக்குநர்கள் மட்டுமின்றி ஃபோர்மேன், இன்டூனா, பிளம்பர், மின்சார ஆளும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவரிடமிருந்து தனக்கு வேண்டியது மூன்று, தான் தருவது மூன்று, நாளோடு எழுதினால் ஒட்டுப் பட்டியலில் பாதி அங்கேயே நிரம்பிவிடும். ஜோகன்னஸ்பர்க்கிலோ உம்லாங்காவிலோ இருக்கும் வடிவமைப்பாளர்களை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் சைட் கன்டெய்னரில் உட்காரவையுங்கள். ஐந்து நாள் எடுக்கும் ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்கும் கடிதம்) அங்கே ஒரு கைவரைபடத்தில் 20 நிமிடத்தில் முடியும். வரைந்து, கையெழுத்திட்டு, படியெடுத்துப் பதிந்தால் சரி.

இப்போது பணம். உள்ளூர்க் குழு வேலையை நிறுத்தியதை ஒழுக்கக் குறைவாக எண்ணுகிறீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 ஆள், நாளுக்கு 400 ராண்ட் என்று வைத்தால் வாரக் கூலி 24,000. வேலை தொடங்கி மாதக் கடைசியில் அளவீடு, அதிலிருந்து மூன்று வாரத்தில் பணம் என்றால் முதல் காசு ஏறத்தாழ 51ஆம் நாள். அதுவரை ஏழு வாரக் கூலி, 1,68,000 ராண்ட், அந்தச் சின்ன முதலாளி கையிலிருந்து போட வேண்டும். உங்கள் கூட்டு நிறுவனம் ‘எங்களுக்கு வந்த பிறகு 30 நாள்’ என்று ஆர்டரில் எழுதியிருந்தால் 81 நாள், பதினொரு வாரக் கூலி, 2,64,000 ராண்ட். கூலி வெள்ளிக்கிழமை கேட்கும். வங்கி இவருக்குக் கடன் தராது. இரண்டாவது மாதம் வேலை நிற்பது வானிலை அறிக்கை போல முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியது.

மேலே என்.இ.சி.யும் கீழே ஒற்றைப் பக்க ஆர்டரும் இருக்கும் வரை உங்கள் கூட்டுறவு பாதிக் கட்டடத்துக்குத்தான். சின்னக் குழுக்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவீடு, ஏழு நாளில் பணம். கல், சிமெண்ட், மணல் உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுத்து, கூலி வேலையாக மட்டும் ஒப்பந்தம். பிடித்தம் முதல் இரண்டு பில்லில் வேண்டாம். அளவீட்டை அவர் முன்னாலேயே டேப் பிடித்துச் செய்து, அன்றே ஒரு படி அவர் கையில். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் நிதிச் செலவு, இரண்டு முறை நின்ற வேலையால் ஸ்கஃபோல்டிங்குக்கும் கிரேனுக்கும் கொடுத்த சும்மா வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் செலவுக் கணக்காளரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் வந்தால் பங்கு என்ற ஆப்ஷன் சி ஆசை மொத்த விலைக்கு வேலை எடுத்த சப்-கான்ட்ராக்டரை எட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். பல தரப்புக் கூட்டுழைப்புக்கான எக்ஸ்12 துணைப்பிரிவு உங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், பொதுவான இலக்கு எட்டும்போது எல்லாக் கூட்டாளிகளுக்கும் ஊக்கத்தொகை தர வழி இருக்கிறது.

உள்ளூர் வணிக மன்றங்கள் வாசலுக்கு வந்து வேலையில் 30 சதவீதம் கேட்பது பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வரும். பொதுத்துறை வேலைகளுக்கான 2017 விதிகளில் இருந்த 30 சதவீத உட்குத்தகை ஏற்பாடு, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளில் இல்லை. உங்கள் அறக்கட்டளை ஒப்பந்தத்தில் தானே எழுதியிருந்தால் அது கட்டுப்படுத்தும். அப்போதும் அது வேலையின் பங்கு, ரொக்கத்தின் பங்கு கிடையாது. எந்த வேலை, எந்த மாதம், என்ன தகுதி என்று மீதமுள்ள வேலைப் பகுதிகளை இப்போதே பட்டியலிட்டு வாசலில் ஒட்டுங்கள். சமூகத் தொடர்பு அலுவலரைத் தனியாகப் பேச அனுப்பாதீர்கள். செய்யாத வேலைக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் அடுத்த வாரம் இரண்டாவது மன்றம் வரும். மிரட்டல் என்றால் சைட்டை நிறுத்திக் காவல்துறையில் வழக்குப் பதியுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கூட்டு முடிவு கூடாது: பாதுகாப்பு. 2014ஆம் ஆண்டுக் கட்டுமான ஒழுங்குவிதிகளின்படி முழுநேரக் கட்டுமான மேலாளரை எழுத்தில் நியமிக்க வேண்டும், தாங்கு அமைப்புகளை வடிவமைப்பவரையும் எழுத்தில் நியமிக்க வேண்டும், சப்-கான்ட்ராக்டர்களை 30 நாளுக்குள் ஒருமுறையாவது தணிக்கை செய்ய வேண்டும். இரண்டு நிறுவனக் கூட்டில் இந்த நியமனக் கடிதங்களில் எந்த நிறுவனத்தின் ஆள் என்று தெளிவில்லாமல் கிடப்பது வழக்கம். உங்கள் கோப்பை எடுத்துப் பாருங்கள். ஜாக்கி எடுக்கும் நாளைத் தள்ளிப்போடும் உரிமை ஒருவருக்கே இருக்க வேண்டும், அதை யாரும் பெரும்பான்மையால் மாற்றக் கூடாது. 2013 நவம்பர் 19 அன்று டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இருவர் இறந்தார்கள்; வேலையை நிறுத்தச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு அப்போது ஏற்கெனவே இருந்தது. உத்தரவு காகிதத்தில் இருப்பது வேறு, வாசலில் நிறுத்த ஒரு ஆள் இருப்பது வேறு.

நாட்காட்டியைப் பற்றிக் கடைசியாக. டிசம்பர் நடுவில் பில்டர்ஸ் ஹாலிடே தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் சைட் மூடிக்கிடக்கும். பல ஆட்கள் ஈஸ்டர்ன் கேப் வரை ஊருக்குப் போவார்கள், எல்லோரும் ஒரே நாளில் திரும்ப மாட்டார்கள். ஆகவே அடுத்த தளத்தை விடுமுறைக்கு முந்தின வாரத்தில் போடத் திட்டமிடாதீர்கள்: கையெழுத்திட வேண்டிய ஐவரில் இருவர் போயிருப்பார்கள், கான்கிரீட்டின் பலம் பார்க்கும் 28 நாள் கியூப் சோதனை, ஆய்வகம் மூடியிருக்கும் நாளில் விழும். புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போக உங்கள் ஆட்களில் சிலர் விடுப்பு கேட்பார்கள், தைப்பூசக் காவடிக்கும் அப்படியே. அந்த நாட்களையும் முதல் ஒட்டுச்சீட்டுகளாகச் சுவரில் ஒட்டிவிட்டு அப்புறம் திட்டமிட உட்காருங்கள்.